வெயில் மாமாவின் ஈரத்தலை

கொடைக்கானலில் இந்த நிமிஷம் வெயில் எங்கே அடிக்கிறது என்பது உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவர் கடவுள். அவரிடம் கேட்டால் பதில் வரத் தாமதமாகும். இன்னொருவர் எங்கள் ஜீப் டிரைவர். அவரிடம் கேட்கவே வேண்டாம், இரண்டு தும்மல் போட்டுவிட்டு அவரே சொல்லிவிடுவார்.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்க வேண்டும். யாரும் அதைப் பயன்படுத்திப் பார்த்ததில்லை. ஊருக்கு அவர் வெயிலு. எனக்கு வெயில் மாமா.

எங்கள் தொழிலைச் சொல்லாமல் அவரைச் சொல்ல முடியாது. லாட்ஜ்களின் படுக்கை விரிப்புகளைத் துவைத்துக் கொடுப்பது எங்கள் குடும்பத் தொழில். கொடைக்கானலில் துவைப்பது சுலபம், தண்ணீருக்குப் பஞ்சமில்லை. காய வைப்பதுதான் பிரச்சினை. மேகம் வீட்டுக்குள் வந்து நாற்காலியில் உட்காருகிற ஊர் அது. பனியையும் ஈரத்தையும் பார்க்கவே ஜனங்கள் பஸ் பிடித்து வருகிற இடத்தில், உலர்ந்த துணி சப்ளை செய்யலாம் என்று முடிவெடுத்த தொழில்மேதை என் அப்பா.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே பட்டியல் போடுகிற பழக்கம். எங்கள் வீட்டில் துணிக்கொடி கட்டாத இடங்கள் என்று ஒரு பட்டியல் எழுதினேன். ஒன்று, சாமி படத்துக்கு முன்னால். இரண்டு என்று எண் போட்டுவிட்டு வீடு முழுக்கச் சுற்றி வந்தேன். இரண்டு கிடைக்கவில்லை. மறுநாள் சாமி படத்துக்கு முன்னாலும் தலையணை உறைகள் தொங்கின.

பள்ளிக்கூடத்தில் உடன் படித்தவர்களின் வீட்டில் சாக்லேட் கடை, தைலக் கடை, ஏரிக்கரையில் சைக்கிள் கடை. அவர்கள் மேல் அந்தந்த வாசனை வரும். என் மேல் சலவை சோடா வாசனை வரும். அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டால், "ஹோட்டல் துறையில் இருக்கிறார்" என்பேன். முழுப் பொய் அல்ல. ஹோட்டலில் தூங்குகிற துறையில் இருந்தார்.

அந்தக் கௌரவத்தை வெயில் மாமா ஒரே காலையில் முடித்து வைத்தார். நான் ஏழாவது படிக்கும்போது, காலை வணக்கக் கூட்டத்தில் மேடையேறி உறுதிமொழி படித்துக்கொண்டிருந்தேன். வாசலில் ஜீப் வந்து நின்றது. தலையில் ஈரத்துண்டோடு ஒருவர் மைதானத்தின் நடுவே நடந்து வந்தார்.

"பாப்பா, இங்கன வெயில் நல்லா விழுதே. வேலியில ஒரு இருவது விரிப்பு போட்டுக்கிறட்டான்னு ஒங்க சிஸ்டர்ட்ட கேளு. பத்து மணிக்கெல்லாம் எடுத்துருவேன்."

ஐந்நூறு பிள்ளைகள் திரும்பி என்னைப் பார்த்தார்கள். தலைமையாசிரியை சிஸ்டரும் பார்த்தார். "இவர் யார்?" என்று கேட்டார். "தெரியாது சிஸ்டர்" என்றேன். மாமாவுக்குக் கோபமே வரவில்லை. "பாப்பாவுக்கு இன்னிக்கு ஒடம்பு சரியில்லங்க சிஸ்டர், எங்க வீட்டுப் புள்ளதான்" என்று சிஸ்டரிடம் விளக்கிவிட்டு, அனுமதியும் வாங்கி, இருபது விரிப்பையும் வேலியில் போட்டார். வகுப்பு ஜன்னலில் இருந்து பார்த்தால் அன்று முழுக்க எங்கள் குடும்பத் தொழில்தான் தெரிந்தது.

சின்ன வயதில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு வந்து சேர்ந்தவர் அவர். தோட்டத்தில் காலையில் ஆள் கூட்டிக் கணக்கெடுப்பதைப் பெரட்டு என்பார்கள். எங்கள் முற்றத்திலும் அவருக்குப் பெரட்டு உண்டு. துவைத்துப் பிழிந்த விரிப்புகளை ஆட்களைப் போல வரிசையாக அடுக்கிவிட்டு, "பெரட்டு முடிஞ்சிச்சு அக்கா" என்று அம்மாவிடம் சொல்லுவார். பிறகு ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வெயிலைத் தேடிப் போவார்.

தேடுவது என்றால் நிஜமாகவே தேடுவது. ஒரு நாள் பெருமாள்மலை, ஒரு நாள் பண்ணைக்காடு, ரொம்ப மோசமான வாரத்தில் மலையை விட்டே இறங்கி அய்யம்பாளையம். பண்ணைக்காட்டில்தான் எங்களுக்கு வசதி. அங்கே காப்பிக் கொட்டை காய வைக்கிற சிமெண்ட் களங்கள் உண்டு. அறுவடை இல்லாத மாதங்களில் சும்மா கிடக்கும். களத்துக்காரர் மனைவியிடம் சொல்லிவிட்டு விரிப்புகளை விரித்துவிட வேண்டியதுதான். ஒரு தடவை, முதல் நாள் வரை அங்கே மிளகு காய்ந்தது யாருக்கும் தெரியாமல் போய்விட்டது. அன்று லாட்ஜில் தங்கிய அத்தனை பேரும் விடிய விடியத் தும்மினார்கள். "குளிருக்கு அப்படித்தான் சார்" என்று மேனேஜர் சமாளித்தாராம்.

வெயில் மாமாவின் முறை எளிமையானது. காலையில் எழுந்ததும் துண்டை நனைத்துத் தலையில் போட்டுக்கொள்வார். ஊரே குரங்குக் குல்லாய்க்குள் இருக்கும்போது இவர் தலையில் பச்சைத் தண்ணீர் சொட்டும். வழியில் அங்கங்கே ஜீப்பை நிறுத்தி இறங்கி நிற்பார். கண்ணை மூடிக்கொள்வார். தலை ஜிலீரென்று குளிர்ந்தால், "இங்கன காயும்" என்பார். குளிரவில்லை என்றால் ஏறிக்கொண்டு அடுத்த வளைவு. வெயில் கண்ணில் படாத நாளிலும் இந்தத் தலை சரியாகச் சொல்லும். நடுநடுவே தும்மல். அவருக்கு ஜலதோஷம் வருஷத்துக்கு ஒரு தடவைதான் வரும், ஜனவரியில் ஆரம்பித்து டிசம்பரில் முடியும்.

இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. அவர் காது கேட்க மழை என்ற சொல்லை யாரும் சொல்லக்கூடாது. சொன்னால் வந்துவிடுமாம். அதற்குப் பெயர் பெரியவரு. "பெரியவரு பெருமாள்மலை தாண்டிட்டாருங்க" என்றால் அம்மா, அப்பா, நான் மூவரும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டுக் கொடிகளை நோக்கி ஓட வேண்டும். இந்த வளர்ப்பு என்னைக் கல்லூரி வரை துரத்தியது. ஹாஸ்டலில் சேர்ந்த முதல் வாரம், ஜன்னல் தகரத்தில் சொட்டுச் சத்தம் கேட்டதும் தூக்கத்திலிருந்து எழுந்து, "பெரியவர் வந்துட்டார்" என்று கத்திக்கொண்டே மொட்டை மாடிக்கு ஓடி, நாற்பது பெண்களின் துணியையும் வாரிக்கொண்டு வந்தேன். பிரின்சிபால்தான் சோதனைக்கு வந்துவிட்டார் என்று பாதி ஹாஸ்டல் கட்டிலுக்கு அடியில் இருந்தது.

நான் படித்தது கருவியியல். எதையும் அளந்து எண்ணாக்குகிற படிப்பு. இரண்டாம் வருஷ விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது, மாமாவின் தலையை ஓய்வில் அனுப்புவது என்ற தீர்மானத்தோடு வந்தேன்.

அதற்காகக் காற்றின் ஈரத்தை அளக்கிற கருவி இரண்டு செய்தேன். பெரிய வித்தை இல்லை. ஒரு பலகையில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு தெர்மாமீட்டர். ஒன்று சும்மா இருக்கும். மற்றதன் குமிழில் துணித்திரி சுற்றி, திரியின் வால் ஒரு குப்பித் தண்ணீரில் கிடக்கும். காற்று வறண்டிருந்தால் திரியின் ஈரம் ஆவியாகும், ஆவியாகும்போது குளிரும், அந்த தெர்மாமீட்டர் குறைத்துக் காட்டும். இரண்டுக்கும் வித்தியாசம் அதிகம் என்றால் அங்கே துணி காயும். வித்தியாசமே இல்லை என்றால் காற்று முழுக்க ஈரம், விரிப்பை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டு போகலாம்.

ஒன்றைப் பண்ணைக்காட்டில் களத்துக்காரர் வீட்டில் மாட்டினேன். அந்த வீட்டில் போன் இருந்தது. களத்துக்கார அக்கா தினமும் விடியற்காலையில் இரண்டு எண்களையும் போனில் சொல்ல வேண்டும். அவருக்கு ஒன்பது குறிப்புகள் கொண்ட பட்டியல் எழுதிக் கொடுத்தேன். கண்ணுக்கு நேராக வைத்துப் பார்க்கவும், மூச்சுக்காற்று படக்கூடாது, கையால் தொடக்கூடாது, இப்படி. இன்னொன்றை மேலே கூக்காலில் ஒரு பெட்டிக்கடையில் மாட்டினேன். அங்கே போன் கிடையாது. கடைக்காரர் எண்களைச் சீட்டில் எழுதி, எப்போதாவது வருகிற பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புவார்.

மாமா பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது எதுக்கு பாப்பா?"

"வெயில் எங்க அடிக்குதுன்னு சொல்லும் மாமா."

"வாயத் தொறந்து சொல்லுமா?"

"நம்பராச் சொல்லும்."

"அப்ப நமக்கு எதுக்கு, நம்பரு?" என்று தும்மினார். "நமக்கு வேண்டியது வெயிலு."

இந்த நேரத்தில்தான் தலைக்கு மேல் கத்தி வந்தது. எங்கள் வாடிக்கையில் பெரிய லாட்ஜ் ஒன்று. எங்கள் வேலையில் பாதி அவர்களுடையது. அடிவாரத்தில் புதிதாகத் தொடங்கிய மிஷின் லாண்டரிக்காரர் அங்கே போய்ப் பேசியிருந்தார். மேனேஜர் அப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னார்: "ஞாயித்துக்கிழம ரெண்டு பஸ் கூட்டம் வருது. நூத்தம்பது விரிப்பு, மத்தியானம் ரெண்டு மணிக்கு இங்க இருக்கணும். இல்லேன்னா திங்கக்கிழமையிலேருந்து மிஷின்காரர்தான். வருத்தப்படாதீங்க."

அப்பா வருத்தப்படவில்லை. சாப்பிடவில்லை, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குப் பெரட்டு முடிந்தது. விரிக்கவும் மடிக்கவும் ஆள் வேண்டும் என்று நானும் ஜீப்பில் ஏறினேன். வாசல் தாண்டி ரோட்டுக்கு வந்ததும் மாமா இறங்கினார். நின்றார். கண்ணை மூடினார்.

"கீழ போவோம் பாப்பா. பண்ணைக்காட்டுல இன்னிக்கு நல்லா காயும்."

நான் பட்டியலை எடுத்தேன். பண்ணைக்காட்டின் வித்தியாசம் வியாழன் எட்டு, வெள்ளி ஐந்து, சனி இரண்டு. அன்று காலையில் களத்துக்கார அக்கா போனில் சொன்னது: "ரெண்டும் ஒண்ணாத்தான் நிக்குது பாப்பா." பூஜ்யம். படிப்படியாக ஈரம் ஏறி, இன்றைக்கு முழு மூடுபனி. இதற்கு நேர்மாறாக, கூக்கால் சீட்டில் ஏழு.

"மாமா, மேல போகணும். கூக்கால்."

"கூக்காலா? தலை கீழதான சொல்லுது."

"தலைக்கு எத்தன டெசிமல் மாமா தெரியும்?"

அவர் தும்மினார். நான் விடவில்லை. "அப்ப நான் எதுக்கு மாமா படிக்கிறேன்? இங்கயே சோடா கரைச்சுக்கிட்டு இருந்திருக்கலாமே." தொழில்நுட்ப விவாதத்தில் அழுவது என்று பாடத்திட்டத்தில் எங்கும் இல்லை. ஆனாலும் அழுதேன்.

மாமா துண்டைப் பிழிந்து மறுபடி தலையில் போட்டுக்கொண்டார். "படிச்ச புள்ள சொல்லுது" என்று ஜீப்பிடம் சொல்லிவிட்டு மேல்பக்கம் திருப்பினார்.

பூம்பாறை தாண்டும்போதே முன்னால் ரோடு தெரியவில்லை. "இது கலைஞ்சிரும் மாமா" என்றேன். கூக்காலில் இறங்கியபோது ஏரியே தெரியவில்லை. "காத்து வரும் மாமா" என்றேன். நம்பிக்கையோடு விரிப்புகளைப் புல்வெளியில் கொடி கட்டிப் போட்டோம். அடுத்த அரை மணி நேரம் வெள்ளை மூடுபனிக்குள் வெள்ளை விரிப்புகளைத் தொலைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருந்தோம். நான் கையை நீட்டிக்கொண்டு போய், ஒரு விரிப்பைப் பிடித்து உதறப் பார்த்தேன். அது ஒரு வெள்ளை மாடு.

மம்பட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த ஒரு விவசாயி எங்களை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் மரியாதையாகக் கேட்டார்: "ஏங்க, கொடைக்கானல்ல தண்ணி இல்லைங்களா? நனைக்கிறதுக்கு இம்புட்டுத் தூரமா வரணும்?"

பெட்டிக்கடைக்காரரிடம் போய்ச் சீட்டைக் காட்டினேன். "ஏழுன்னு எழுதியிருக்கீங்களே அண்ணே."

"ஆமாம்மா, ஏழுதான். அது புதன்கிழம எழுதுனது. பஸ்ஸு சனிக்கிழமதான வந்துச்சு."

மாமா சிரிக்கவில்லை. திட்டவும் இல்லை. "ஏறு பாப்பா, வெரசா" என்றார். பிழிந்தபோது இருந்ததைவிடக் கனமாகிவிட்ட நூற்றைம்பது விரிப்புகளையும் அள்ளிப் போட்டோம். திரும்பும் வழியில் பூம்பாறையில் போன் பூத்தைப் பார்த்ததும் நிறுத்தச் சொல்லி, பண்ணைக்காட்டுக்குப் பேசினேன்.

"அக்கா, அங்க பனி எப்படி இருக்கு?"

"பனியா? நாலு நாளா வெயிலு மண்டையப் பொளக்குது பாப்பா."

"அப்ப ரெண்டு நம்பரும் எப்படிக்கா ஒண்ணா இருந்துச்சு?"

"அது எனக்கென்ன தெரியும்? இரு, பாக்கேன்." போனை வைத்துவிட்டுப் போய் வந்தார். "குப்பி காஞ்சு கெடக்கு. திரியும் அப்பளமாட்டம் இருக்கு. நீ குடுத்த ஒம்பதுலயும் தண்ணி ஊத்தணும்னு இல்லையே."

இல்லைதான். திரி காய்ந்துவிட்டால் அது வெறும் துணி. பிறகு இரண்டு தெர்மாமீட்டரும் ஒரே எண்ணைத்தான் காட்டும். நாலு நாள் கொளுத்திய வெயில் என் கருவியையே காய வைத்துவிட்டது. அதை நான் மூடுபனி என்று படித்திருக்கிறேன். வெயில் அதிகமாக அடித்ததற்காக வெயிலே இல்லை என்று முடிவு செய்த முதல் கருவியியல் மாணவி நானாகத்தான் இருப்பேன்.

ஜீப்பில் ஏறி விஷயத்தைச் சொன்னேன். மாமா கியரை மாற்றிக்கொண்டே, "தாகம் எடுத்தா அதுவும் என்ன செய்யும்" என்றார்.

பண்ணைக்காட்டுக்குப் போக வேண்டுமானால் எங்கள் வீட்டு வாசலைக் கடந்துதான் போக வேண்டும். மணி பதினொன்றரை. அப்பா வாசலில் நின்றிருந்தார். இந்நேரம் காய்ந்த துணியோடு வந்திருக்க வேண்டிய ஜீப், தண்ணீர் சொட்டச் சொட்டத் தப்பான பக்கத்திலிருந்து வருவதைப் பார்த்தார். கையைக் காட்டினார். மாமாவும் கையைக் காட்டினார். நிற்கவில்லை. அப்போது நான் எங்கே இருந்தேன் என்று கேட்டால், சீட்டுக்குக் கீழே, ஜாக்கியோடு.

பண்ணைக்காட்டுக் களத்தில் கால் வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. விரிப்புகளை விரித்ததும் ஆவி பறந்தது. இருபத்தைந்து நிமிஷத்தில் ஒரு பக்கம், பத்து நிமிஷத்தில் மறுபக்கம். வழக்கமாக உதறி, நிழலில் ஆற வைத்து, அம்மா ஒவ்வொன்றாகப் பார்த்து மடித்து அனுப்புவார். அதற்கெல்லாம் நேரமில்லை. கொதிக்கக் கொதிக்கச் சுருட்டித் தார்ப்பாயில் இறுக்கிக் கட்டி ஏற்றினோம்.

லாட்ஜில் நுழைந்தபோது மணி மூன்று பத்து. அப்பா அங்கே வந்து நின்றிருந்தார், குற்றவாளியைப் போல. வரவேற்பறையில் இரண்டு பஸ் கூட்டமும் மூட்டை முடிச்சோடு நடுங்கிக்கொண்டிருந்தது. வெளியே பெரியவர் வந்துவிட்டிருந்தார், பலமாகவே கொட்டிக்கொண்டு.

மேனேஜர் குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "காலையில ஜீப்பு மேல போனத என் ஆளு பார்த்திருக்கான். இந்தச் சீசன்ல கூக்கால் பக்கம் துணி காயப் போட எவன்யா போகச் சொன்னது?"

அப்பா மாமாவைப் பார்த்தார். நான் சொல்ல வேண்டிய இடம் அது. எனக்கு அது நன்றாகத் தெரிந்தது. வாயைத் திறந்தேன். காலை முழுக்க மூடுபனியில் நின்ற பலன், தும்மல்தான் வந்தது. ஒன்றல்ல, நாலு.

நாலாவது தும்மல் முடிவதற்குள் மாமா சொல்லிவிட்டார். "என் தலைதாங்க சொல்லிச்சு. இன்னிக்கு ஏமாத்திருச்சு."

இருபது வருஷமாக ஒரு நாளும் தப்பாத தலை. ஊரில் பந்தயம் கட்டி யாரும் ஜெயிக்காத தலை. அப்பாவின் முகம் விழுந்துவிட்டது. நான் இன்னொரு தடவை வாயைத் திறந்தேனா என்று கேட்காதீர்கள். உண்மையைச் சொன்ன தடவைகள் என்று பட்டியல் போட்டால், அதில் ஒன்றும் இல்லை.

மேனேஜர் மிஷின்காரருக்குப் பேசப் போனை எடுத்தார். அதற்குள் ரூம் பையன்கள் தார்ப்பாயை அவிழ்த்திருந்தார்கள். பஸ்ஸில் வந்த ஒரு அம்மா, குளிர் தாங்காமல் மேலாக இருந்த ஒரு விரிப்பை எடுத்துப் போர்த்திக்கொண்டார். போர்த்தியவர் அப்படியே நின்றுவிட்டார்.

"ஏங்க, இங்க வாங்க," என்று கணவரைக் கூப்பிட்டார். "இட்லித் துணியாட்டம் சூடா இருக்குங்க."

அதற்குப் பிறகு அங்கே நடந்தது விநியோகம் இல்லை, பறிமுதல். ஐந்து நிமிஷத்தில் இரண்டு பஸ் கூட்டமும் எங்கள் விரிப்புக்குள் இருந்தது. குழந்தைகள் தலை வரை மூடிக்கொண்டு சோபாவில் தூங்கிவிட்டன. யாரும் தாமதத்தைப் பற்றிப் பேசவில்லை. ஒரு தாத்தா மேனேஜரின் கையைப் பிடித்துக் குலுக்கி, இந்த மாதிரிக் கவனிப்பை எந்த லாட்ஜிலும் பார்த்ததில்லை என்றார்.

மேனேஜர் போனைக் கீழே வைத்தார். அப்பாவிடம் மெதுவாகக் கேட்டார். "நாளைக்கும் சூடா வருமா?"

வேலை தப்பியது. போனது மாமாவின் பெயர்தான். அன்றிலிருந்து டீக்கடையில், பஸ் ஸ்டாண்டில், ரேஷன் கடையில் எங்கே பார்த்தாலும் அவரைக் கேட்பார்கள்: "என்ன வெயிலு, கூக்காலுக்கா?" அவரும் அசராமல், "ஆமாலே, ஒனக்கு ஏதாச்சும் நனைக்கணுமா?" என்பார். ஆனால் அதற்குப் பிறகு அப்பா அவரிடம், "நல்லாத் தெரியுமா வெயிலு?" என்று ஒரு தடவை சேர்த்துக் கேட்க ஆரம்பித்தார். முன்பெல்லாம் கேட்டதில்லை. அப்பா கேட்கிற போதெல்லாம் மாமா, "தெரியுங்க" என்று சொல்லிவிட்டு என் பக்கம் பார்க்காமல் தும்முவார்.

விடுமுறை முடிந்து கிளம்புகிற காலையில் இருவரும் என்னை பஸ் ஏற்ற வந்தார்கள். ஜன்னல் வழியாக மாமா கையை நீட்டினார். அவருடைய துண்டிலிருந்து விரல் அகலத்துக்குக் கிழித்த ஒரு துணி.

"ஒன் திரி வெரசாக் காஞ்சிருது. இதச் சுத்திக்க. நம்ம தலையில கெடந்து பழகுனது, ஈரம் புடிச்சு வைக்கும்."

பஸ் நகர்ந்தது. திரும்பிப் பார்த்தேன். லேசான பனிக்குள் இரண்டு தலைகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. அப்பாவின் தலை சும்மா இருந்தது. மாமாவின் தலையில் ஈரத்துணி. இரண்டு வருஷம் படித்து, பலகை அறுத்து, ஆணி அடித்து நான் செய்த கருவி, நான் பிறந்ததிலிருந்து எங்கள் முற்றத்தில் பீடி குடித்துக்கொண்டு நின்றிருக்கிறது.

இப்போது நான் ஒரு தொழிற்சாலையில் காற்றின் ஈரத்தைக் கட்டுப்படுத்துகிற வேலையில் இருக்கிறேன். எண்களைக் கணினியே சொல்லிவிடும். ஆனாலும் மேஜை மேல் அந்தப் பழைய பலகை இருக்கிறது. திரி, மாமாவின் துண்டுதான். என்னுடைய தினசரிப் பட்டியலில் முதல் வேலை, குப்பிக்குத் தண்ணீர் ஊற்றுவது.

மாமா பண்ணைக்காட்டில் மகள் வீட்டோடு இருக்கிறார். இன்னமும் யாராவது அவரைக் கூக்காலைச் சொல்லிக் கேலி செய்கிறார்களாம். அப்பா, நான் இதை எழுதுகிற இந்தப் பத்திரிகையை வாரம் தவறாமல் படிப்பவர். எனவே, அப்பா, தும்மலில் விட்டுப்போனதை இப்போது சொல்லிவிடுகிறேன். கூக்காலுக்குப் போகச் சொன்னது நான். மாமாவின் தலை அன்றைக்கும் சரியாகத்தான் சொன்னது.